கீரையின் உயிர்ச்சத்தை மின்முனை அளக்குமா? வாசகர் கேள்வி – பதில்

கீரையிலுள்ள வைட்டமின்களை, வினையின்போது எழும் மின்னோட்டத்தை வைத்துப் பொருளின் அளவைச் சொல்லும் மின்வேதி உணரிகளைக் கொண்டு அளக்க முடியும் என்று சென்ற மாதம் இப்பகுதியில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களில், ஒன்றோடொன்று தொடர்புடைய ஆறு கேள்விகளுக்கு இம்மாதம் விடை தருகிறேன். உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் பல ஆண்டுகள் கீரையோடு பழகியவன் என்பதால், சில இடங்களில் விடை நீண்டுவிட்டது.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி: என் கணவருக்கு இனிப்புநீர் இருக்கிறது. காலையில் விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைப் பட்டையில் வைத்தால், சில நொடிகளில் கருவி அளவைக் காட்டிவிடுகிறது. கீரையை அரைத்து அதே போல ஒரு சொட்டு வைத்தால் வைட்டமின் சி எவ்வளவு என்று சொல்லும் கருவியை ஏன் இன்னும் கடைகளில் காண முடியவில்லை?

அம்மா, நீங்கள் ஒப்பிட்டிருக்கும் இரண்டும் ஒரே குடும்பத்துக் கருவிகள்தாம். இரத்தச் சர்க்கரைப் பட்டையில் பூசப்பட்டிருக்கும் நொதி, சொட்டிலுள்ள குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரான்களை வாங்குகிறது. அவை மின்முனைக்கு வந்து சேரும்போது உண்டாகும் மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. நொதியையும் மின்முனையையும் இப்படி இணைக்கலாம் என்ற வழியை 1962இல் கிளார்க், லயன்ஸ் என்ற இருவர் வெளியிட்டனர். வைட்டமின் சி என்னும் அஸ்கார்பிக் அமிலத்துக்கோ நொதியின் உதவிகூடத் தேவையில்லை. கார்பன் மின்முனையில் சிறிதளவு மின்னழுத்தம் கொடுத்தாலே ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு டிஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாக மாறிவிடும். உடலுக்குள் அது செய்கின்ற நன்மைக்கும், ஆய்வுக்கூடத்தில் அதை அளக்க முடிவதற்கும், எலக்ட்ரானைத் தயங்காமல் கொடுக்கும் இந்த ஒரே குணம்தான் காரணம்.

ஒரு மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம் முழுவதும் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்தால் ஏறத்தாழ 1.1 கூலும் (மின்னூட்டத்தின் அலகு) மின்னூட்டம் பாயும். 4,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள கைப்பேசி மின்கலம் 14,400 கூலும் தரும் என்பதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அளவுதான். உணரியோ கரைசலிலுள்ள வைட்டமின் முழுவதையும் தீர்ப்பதில்லை. மின்முனையின் மேற்பரப்பை வந்து தொடும் மூலக்கூறுகளை மட்டுமே அது எண்ணுகிறது. ஆகவே நாம் பார்ப்பது ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ ஆம்பியர் அளவிலான ஓட்டத்தைத்தான். மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போனால், வைட்டமின் எலக்ட்ரானைக் கொடுக்கும் இடத்தில் வரைபடத்தில் ஒரு மேடு எழும்பும். மேடு இருக்கும் இடம் அது எந்தப் பொருள் என்பதைச் சொல்லும். அதன் உயரம், அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லும். இந்த முறைக்கு வித்திட்டவர் பிராகா நகரத்து வேதியியலாளர் யரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி. 1922இல் சொட்டும் பாதரச மின்முனையைக் கொண்டு அவர் தொடங்கிய பணிக்கு 1959இல் நோபல் பரிசு கிடைத்தது. உணவை அளக்கும் இடத்தில் இன்று பாதரசத்தை விரும்புவாரில்லை. கார்பன் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது.

அப்படியானால் கடையில் ஏன் இல்லை? இரத்தம் எல்லாருடைய உடலிலும் ஏறக்குறைய ஒரே தன்மையுள்ள திரவம். அதன் அமில, காரச் சமநிலையை உடலே 7.4 என்ற அளவை ஒட்டிக் காத்து நிற்கிறது. கீரைக்கு அப்படி ஒரு காவல் இல்லை. அரைத்த நொடியிலேயே அதன் நொதிகள் வைட்டமினைத் தின்னத் தொடங்கிவிடுகின்றன. அதோடு, இலையில் நிறைந்துள்ள குவெர்செட்டின், காஃபியிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்களும் எலக்ட்ரான் கொடுப்பவை. அவையும் கிட்டத்தட்ட அதே மின்னழுத்தத்தில் கொடுப்பதால் இரண்டு மேடுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. சர்க்கரைப் பட்டையில் குளுக்கோஸை மட்டும் அடையாளம் காண நொதி இருக்கிறது. வெறும் கார்பனுக்கு அந்தப் பகுத்தறிவு கிடையாது. கார்பன் நுண்குழாய், கிராஃபீன், தங்க நுண்துகள் போன்றவற்றை மின்முனையின் மேல் பூசி, வைட்டமின் சி இன்னும் குறைந்த மின்னழுத்தத்திலேயே வினைபுரியும்படி செய்து மேடுகளைப் பிரிப்பதுதான் ஆய்வாளர்கள் இப்போது செய்துவரும் வேலை. அது ஆய்வுக்கூடத்தில் நன்றாகவே நடக்கிறது. ஆனால் உணரியில் வைப்பதற்கு முன் கீரையைப் பக்குவப்படுத்தும் பணியைப் பயிற்சியுள்ள ஒரு கை இன்னும் செய்தாக வேண்டியிருக்கிறது; சமையலறை மேடைக்கு அது வந்து சேராததற்கு முதன்மையான காரணம் அதுவே.

செந்தூலிலிருந்து ஒரு வாசகர்: இணையக் கடையில் பேனா வடிவக் கருவி ஒன்றை வாங்கினேன். காய்கறிச் சாற்றில் முக்கினால் ‘சத்தின் அளவு’ தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. கங்கோங் கீரைச் சாற்றில் பெரிய எண்ணாகக் காட்டுகிறது. இதை நம்பலாமா?

நம்ப வேண்டாம், ஐயா. நீங்கள் விவரித்திருக்கும் இரண்டு உலோக முனைகளையும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகையும் பார்த்தால், அது நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் கணக்கிடும் கருவி. மீன்தொட்டி வைத்திருப்பவர்களும் நீரில் செடி வளர்ப்பவர்களும் பயன்படுத்துவது. நீர் எவ்வளவு எளிதாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. எந்தப் பொருள் கடத்துகிறது என்று அதற்குத் தெரியாது. கங்கோங் என்று நாம் சொல்லும் வள்ளைக்கீரையின் 100 கிராமில் 312 மில்லிகிராம் பொட்டாசியமும் 55 மில்லிகிராம் வைட்டமின் சியும் இருப்பதாக அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை குறிப்பிடுகிறது. பொட்டாசியம் நீரில் முழுமையாக அயனியாகி நிற்கும். அஸ்கார்பிக் அமிலமோ வலுக்குறைந்த அமிலம். உங்கள் பேனா காட்டிய எண்ணில் வைட்டமினின் பங்கைத் தேடி எடுப்பதென்பது இயலாத காரியம்.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். சாற்றை இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றை மட்டும் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, ஆவியாகிப் போன அளவுக்கு வடிகட்டிய நீரைச் சேர்த்து, முழுவதும் ஆறிய பிறகு இரண்டையும் அளந்து பாருங்கள். கொதித்த சாற்றில் வைட்டமின் சியின் பெரும்பகுதி அழிந்திருக்கும். பேனாவின் எண்ணோ அதற்கேற்பக் குறையாது. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் எண் ஒரேயடியாக ஏறும் என்பதையும் பாருங்கள். வீட்டுக் குடிநீரைச் சோதிக்க அந்தப் பேனா உதவும். கீரையிடம் கொண்டுபோக வேண்டாம்.

பினாங்கிலிருந்து எஸ்.டி.பி.எம். (மலேசிய உயர்நிலைப் பள்ளித் தேர்வு) மாணவர் ஒருவர்: பள்ளி ஆய்வுத் திட்டத்துக்காக, பல்கலைக்கழகக் கூடம் ஒன்றில் அச்சிட்ட கார்பன் மின்முனைகளைப் பயன்படுத்தத் தந்தார்கள். பாயம் கீரையை (தண்டுக்கீரை வகை) காய்ச்சி வடித்த நீருடன் மிக்சியில் அரைத்து, வடிகட்டி அளந்தேன். ஒரே சாற்றை மூன்று முறை அளந்தபோது ஒவ்வொரு முறையும் மேடு தாழ்ந்துகொண்டே போனது. கருவி பழுதா, ஐயா?

கருவியில் பழுதில்லை, தம்பி. உங்கள் கண்முன்னே இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் உங்கள் ஆய்வுத் திட்டம் வெறும் அளவீடாக நின்றுவிடாது.

முதலாவது, வைட்டமினே அழிந்துகொண்டிருந்தது. முழு இலையில் அஸ்கார்பிக் அமிலமும், அதைச் சிதைக்கும் அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் என்ற நொதியும் வெவ்வேறு இடங்களில் ஒதுங்கியிருக்கின்றன. மிக்சியின் கத்தி இலையின் செல் சுவரை உடைத்ததும் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. சுழலும் கத்தி காற்றையும் உள்ளே இழுத்துவிடுகிறது. வெறும் நீரில் இவற்றைத் தடுத்து நிறுத்த எதுவுமில்லை. ஆகவேதான் நாங்கள் நீருக்குப் பதிலாக மெட்டா பாஸ்பாரிக் அமிலத்தின் 3 சதவீதக் குளிர்ந்த கரைசலில் கீரையை அரைப்போம். அது புரதத்தைத் திரளச் செய்து நொதியைச் செயலிழக்க வைக்கும். வைட்டமினின் சிதைவைத் தூண்டும் தாமிர, இரும்பு அயனிகளையும் கட்டிப்போடும். அமிலத்தில் அரைக்கும்போது பச்சை நிறம் மங்கி, பழைய ஆலிவ் காயைப் போன்ற பழுப்புப் பச்சையாக மாறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். பச்சையத்தின் நடுவிலிருக்கும் மெக்னீசியம் வெளியேறுவதால் வருகிற நிறம் அது. வைட்டமின் சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்கள் பலர் இந்த நிறத்தைக் கண்டு சாற்றைக் கொட்டிவிடுவார்கள். உண்மையில் பத்திரமாக இருப்பது அந்தப் பழுப்புச் சாறுதான்.

இரண்டாவது, மின்முனையின் மேல் பாசி படிவதைப் போல ஒரு படலம் படிந்திருக்கிறது. கீரையின் ஃபீனால்கள் எலக்ட்ரானை இழந்த பின் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கார்பனை மூடிவிடும். மூடிய பரப்பில் மின்னோட்டம் குறையும். அச்சிட்ட மின்முனை மலிவானது, ஒரே முறை பயன்படுத்துவதற்கென்றே செய்யப்பட்டது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் புதிய ஒன்றை எடுங்கள். எது எவ்வளவு குறைத்தது என்று அறிய விரும்பினால், அதே சாற்றை அரைமணி நேரம் கழித்துப் புதிய மின்முனையில் அளந்து பாருங்கள். அப்போதும் மேடு தாழ்ந்திருந்தால், தாழ்வுக்குக் காரணம் வைட்டமினின் அழிவு. முதல் அளவுக்கே திரும்பிவிட்டால், காரணம் படலம்.

இனி எண்ணுக்கு வருவோம். தூய வைட்டமின் கரைசல்களைக் கொண்டு வரைந்த நேர்கோட்டைக் கீரைச் சாற்றுக்கு அப்படியே பொருத்துவது தவறு. சாற்றின் மற்ற பொருள்கள் உணரியின் பதிலை மாற்றிவிடும். அளவு தெரிந்த வைட்டமினைச் சாற்றிலேயே சேர்த்து அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 10 கிராம் கீரையை அமிலத்தில் அரைத்து 100 மில்லிலிட்டராக்கி, அதில் 1 மில்லிலிட்டரை அளவுக்கலத்தில் எடுத்தபோது மேட்டின் உயரம் 4 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அதே கலத்தில் 50 மைக்ரோகிராம் தூய அஸ்கார்பிக் அமிலத்தை ஒரு சிறு துளியாகச் சேர்த்ததும் உயரம் 9 ஆகிறது. அப்படியானால் 50 மைக்ரோகிராமுக்கு 5 மைக்ரோ ஆம்பியர். முதலில் கண்ட 4 மைக்ரோ ஆம்பியருக்கு 40 மைக்ரோகிராம். 1 மில்லிலிட்டரில் 40 என்றால் 100 மில்லிலிட்டரில் 4 மில்லிகிராம். அது 10 கிராம் கீரையிலிருந்து வந்தது. ஆகவே 100 கிராமுக்கு 40 மில்லிகிராம்.

அந்த 4 மைக்ரோ ஆம்பியர் முழுவதும் வைட்டமின்தானா என்ற ஐயம் இன்னும் மிச்சமிருக்கிறது. அதைத் தீர்ப்பதற்கு, நாம் இவ்வளவு நேரம் விரட்டிய அதே நொதியைத் துணைக்கு அழைக்கலாம். அமிலத்தைச் சமன்செய்த சாற்றில் அஸ்கார்பேட் ஆக்சிடேஸைச் சேர்த்துச் சற்று நேரம் வைத்தால் அஸ்கார்பிக் அமிலம் மட்டும் மறைந்துவிடும். அதற்குப் பிறகும் அந்த இடத்தில் மேடு எஞ்சியிருந்தால், அது வேறொன்றின் மேடு. இன்னொன்றையும் உங்கள் அறிக்கையில் குறிப்பிடுங்கள்: டிஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாக ஏற்கெனவே மாறிவிட்ட பங்கு, உடலில் வைட்டமினாகப் பயன்பட்டாலும் உணரியின் கண்ணுக்குத் தெரியாது. டைத்தையோத்ரைட்டால் போன்ற ஒடுக்கியை, அதாவது எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கும் பொருளைச் சேர்த்து அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்தால்தான் மொத்த அளவு கிடைக்கும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு வாசகி: என் மகள் மூன்று மாதக் கர்ப்பிணி. கீரையில் ஃபோலிக் அமிலம் நிறைய இருப்பதால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். கீரையிலுள்ள அளவை உணரியால் உறுதிசெய்துகொள்ள முடியுமா?

மாத்திரையை நிறுத்த வேண்டாம், அம்மா. மருத்துவர் சொன்னபடி மகள் அதைத் தொடரட்டும், கீரையையும் சாப்பிடட்டும். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

உறவினர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லான ஃபோலியத்திலிருந்துதான் ஃபோலிக் அமிலம் என்ற பெயரே பிறந்தது. 1941இல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து இதைச் செறிவாகப் பிரித்தெடுத்து அந்தப் பெயரை இட்டார்கள். அதற்கும் முன்பு, 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், நெசவாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தசோகை மர்மைட்டினால் குணமாவதைக் கண்டறிந்து 1931இல் வெளியிட்டார். நம் வீடுகளில் காய்ச்சல் வந்தால் கஞ்சியில் கலந்து கொடுக்கும் அதே கறுப்பு விழுதுதான். அதிலிருந்து நலம் தந்த பொருள் ஃபோலேட் என்பது பின்னால் தெரியவந்தது.

நான்கு டன் என்ற எண்ணிலேயே அளப்பதன் அருமை தெரிகிறது. பச்சைப் பசலைக்கீரையின் 100 கிராமில் ஃபோலேட் 194 மைக்ரோகிராம். வைட்டமின் சியோ 28 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 145 மடங்கு அதிகம். ஃபோலிக் அமிலமும் மின்முனையில் வினைபுரியும். மாத்திரையைக் கரைத்து அளந்தால் அழகான மேடு கிடைக்கும். ஆனால் மாத்திரையில் இருப்பதும் இலையில் இருப்பதும் ஒரே உருவமல்ல. இலையில் பெரும்பாலும் குளூட்டாமிக் அமிலச் சங்கிலி வாலாகத் தொங்கும் பல வகை ஃபோலேட்டுகள் இருக்கின்றன. அந்த வாலை நொதி கொண்டு நறுக்கி, மாவுச்சத்திலிருந்தும் புரதத்திலிருந்தும் விடுவித்த பிறகே எண்ண முடியும். எனவே ‘ஃபோலிக் அமில உணரி’ என்று எங்கேனும் படித்தால், அது மாத்திரையில் சோதிக்கப்பட்டதா இலையில் சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். உணவுக் கூடங்கள் இன்றும் மதிக்கும் முறைகளில் ஒன்று, ஃபோலேட் இல்லாமல் வளர முடியாத லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாவைச் சாற்றில் வளர்த்து, அது எவ்வளவு கலங்கலாக வளர்ந்தது என்று பார்ப்பது. உயிருள்ள அந்த நுண்ணுயிரே அங்கே உணரி. இதற்கு ஓரிரு நாள் ஆகும் என்பதால், மகளின் தட்டிலுள்ள கீரைக்கு அன்றன்றைக்கு எண் சொல்ல யாராலும் முடியாது. மாத்திரையின் அளவு மட்டும் நிச்சயமானது.

பிறையிலிருந்து ஒரு வாசகர்: முருங்கை இலைப் பொடிப் பொட்டலத்தில் ‘ஆரஞ்சை விட ஏழு மடங்கு வைட்டமின் சி’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். வேறோர் அட்டவணையில் முருங்கையும் ஆரஞ்சும் ஏறக்குறைய சமம் என்று இருக்கிறது. எது பொய்?

இரண்டு எண்ணுமே எங்கோ ஒரு கூடத்தில் அளந்து எழுதியவைதாம். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் முன்பு வெளியிட்ட அட்டவணையில் பச்சை முருங்கை இலைக்கு 100 கிராமுக்கு 220 மில்லிகிராமும் ஆரஞ்சுக்கு 30 மில்லிகிராமும் உள்ளன. ஏழு மடங்கு அங்கிருந்து வருகிறது. அமெரிக்க அட்டவணையில் முருங்கை இலைக்கு 51.7, ஆரஞ்சுக்கு 53.2. மரத்தின் வகை, இலை கொழுந்தா முற்றலா என்பது, பறித்ததற்கும் அளந்ததற்கும் இடையே கழிந்த நேரம், டிஹைட்ரோ வடிவத்தையும் சேர்த்து எண்ணினார்களா என்பது ஆகிய இத்தனையும் எண்ணை மாற்றும். நீலச் சாயம் எவ்வளவு வெளுக்கிறது என்பதைக் கொண்டு வைட்டமினைக் கணக்கிடும் பழைய தரம்பார்த்தல் முறையில், வைட்டமின் சி அல்லாத பிற ஒடுக்கிகளும் சாயத்தை வெளுக்கச் செய்து கணக்கில் சேர்ந்துவிடும்.

எனக்கு வருத்தம் தருவது அட்டவணைகளின் வேறுபாடு அன்று. பச்சை இலையின் எண்ணை எடுத்துப் பொடியின் பொட்டலத்தில் ஒட்டியிருப்பதுதான். உலர்த்தும்போது முதலில் அழிவது வைட்டமின் சி. சுண்ணாம்புச் சத்தும் புரதமும் பொடியில் செறிந்து நிற்கும் என்பது உண்மை, அவற்றுக்காக வாங்குங்கள். வைட்டமின் சி வேண்டுமென்றால் கொல்லையில் ஒரு முருங்கைக் கிளையை நட்டு, சமைக்கும் நேரத்தில் உருவிக்கொள்வதே சரியான வழி. நம் நாட்டு மழைக்கு அது தானாகவே வளரும்.

சௌராஸ்தா சந்தையில் வாரந்தோறும் கீரை வாங்கும் ஒரு வாசகி, ஜார்ஜ்டவுன்: கீரையை நறுக்கிய பிறகு கழுவலாமா? வேகவைத்த நீரை வடித்துவிடலாமா?

கழுவிய பிறகு நறுக்குங்கள், அம்மா. நறுக்கியதை நெடுநேரம் வைக்காதீர்கள். வைட்டமின் சி நீரில் கரைவது. வெட்டுப்பட்ட ஒவ்வோர் ஓரமும் அதற்கு ஒரு வாசல். பச்சை வள்ளைக்கீரையில் 55 மில்லிகிராமாக இருப்பது, வேகவைத்து வடித்த பின் 16 ஆகிவிடுவதாக முன்பு சொன்ன அமெரிக்க அட்டவணை கூறுகிறது. குறைந்த பங்கு முழுவதையும் நெருப்பு தின்றுவிடுவதில்லை. கூடத்தில் ஒருமுறை, வடித்து ஆறிய நீரிலேயே மின்முனையை முக்கிப் பார்த்தோம்; கீரையில் தேடிய அதே மேடு, அதே மின்னழுத்தத்தில், வெளிர்பச்சை நீரிலிருந்து எழுந்து நின்றது. அந்த நீரைப் பருப்புக்கோ ரசத்துக்கோ சேர்த்துவிடுங்கள். கீரையைத் தண்ணீரே விடாமல், கழுவியபோது ஒட்டிய ஈரத்திலேயே மூடிவைத்து வதக்க முடிந்தால் வடிக்க வேண்டிய நீரே இருக்காது.